எரிமலைச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிமலைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. பெரும்பாலானோர் லாவாவை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் எரிமலைகளில் இறந்த சுற்றுலாப் பயணிகளில் லாவாவால் இறந்தவர்கள் மிகச் சிலரே. சுடுநீராவி, பறந்து வரும் கல், வாயு, குளிர், கால் இடறுதல் ஆகியவையே மற்றவர்களைக் கொன்றவை. பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

எரிமலையைப் பார்க்கப் போவது உயிரோடு விளையாடுவது ஆகாதா?

எந்த எரிமலை, அதில் எந்த இடம், அங்கே எவ்வளவு நேரம் என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நேபிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள வெசூவியஸ் கடைசியாக வெடித்தது 1944இல். இன்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அதன் விளிம்பு வரை நடந்துபோய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். லான்சரோட்டே தீவின் டிமன்ஃபாயா பகுதியில், 1730 முதல் 1736 வரை ஓடி உறைந்த லாவாவின் நடுவே பேருந்தில் உட்கார்ந்தபடியே சுற்றி வரலாம். நிலத்தில் இறக்கியிருக்கும் குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது சீறிக்கொண்டு ஆவியாக எழுவதைக் காட்டுவார்கள். இத்தகைய இடங்களில் வெயிலும் சறுக்கும் சரளையும்தான் பெரிய தொல்லை.

குமுறிக்கொண்டிருக்கும் எரிமலையின் வாய் வரை போவது வேறு வகை. அங்கே ஆபத்து என்பது விளிம்பில் நிற்கும் நேரத்தைப் பொறுத்தது. பத்து நிமிடம் நிற்பவரைவிட ஒரு மணி நேரம் உட்கார்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பவர் ஆறு மடங்கு ஆபத்தை ஏற்கிறார். அதே காட்சியை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, எதிரே உள்ள ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் அழகு அதிகம் குறைவதில்லை, ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆகவே எந்த எரிமலையைப் பார்ப்பது என்பதைவிட, அதை எங்கிருந்து பார்ப்பது என்பதற்கே நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

லாவாவைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கே போனால் நிச்சயம் பார்க்கலாம்?

நிச்சயம் என்று கூறத்தக்க எரிமலை உலகில் இல்லை. எந்த நாளிலும் உலகில் 40 முதல் 50 எரிமலைகள் வெடிப்பு நிலையில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பலவும் மனிதர் போக முடியாத இடத்தில் இருக்கின்றன, அல்லது வெறும் சாம்பலைத்தான் கக்குகின்றன.

வாய்ப்பு அதிகமுள்ளவை சில உண்டு. இத்தாலியின் ஸ்ட்ராம்போலி நூற்றாண்டுகளாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீப்பொறிகளை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. வனுவாட்டுவின் டன்னா தீவிலுள்ள யாசூர் வெறும் 361 மீட்டர் உயரம்தான். 1774இல் கேப்டன் குக் அந்தத் தீவை அடைந்தபோது கண்ட ஒளி இன்றும் அணையவில்லை. குவாத்தமாலாவில் 3,976 மீட்டர் உயரமுள்ள அகட்டெனாங்கோ மலையில் ஏறி, பக்கத்தில் குமுறும் ஃபுயேகோவைப் பார்ப்பது பலருக்குப் பிடித்த வழி. ஆனால் ஃபுயேகோவும் மாதக்கணக்கில் அடங்கிவிடுவதுண்டு. ஹவாயின் கிலாவேயாவில் 2024 டிசம்பர் 23இல் தொடங்கிய வெடிப்பில், சில மணி நேரம் லாவா ஊற்றாகப் பொங்கிப் பிறகு பல நாள் ஓய்ந்துவிடும் போக்கு காணப்பட்டது. ஒரே ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு அங்கே போனவர்களில் பலர் புகையை மட்டும் பார்த்துத் திரும்பினார்கள்.

எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலே, காங்கோவின் நியிராகோங்கோ ஆகியவற்றின் லாவா ஏரிகள் புகழ்பெற்றவை. ஆயினும் அங்கே எரிமலையைவிட ஆயுதக் குழுக்களைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும். 2012 ஜனவரியில் எர்ட்டா ஆலேயில் ஐந்து வெளிநாட்டுப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுபுறம், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவைப் போல, கரையிறங்காமல் கப்பலிலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய எரிமலைகளும் இருக்கின்றன.

தூங்கும் எரிமலை என்றால் பயப்பட வேண்டியதில்லை, சரிதானே?

சரியன்று. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ ஏறக்குறைய 500 ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு, 1991இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்றாக வெடித்தது. ஜப்பானின் ஒன்டாக்கேயில் 1979க்கு முன் வெடிப்பு எதுவும் வரலாற்றுப் பதிவில் இல்லை. அது வெடித்த பிறகுதான் அந்நாட்டு அறிஞர்கள் தூங்கும் எரிமலை, அணைந்த எரிமலை என்ற பழைய வகைப்பாட்டையே கைவிட்டார்கள்.

பல நூற்றாண்டு அமைதிக்குப் பின் விழிக்கும் பெரிய எரிமலைகள் பெரும்பாலும் வாரக்கணக்கில் முன்னறிவிப்புத் தருகின்றன என்பது ஆறுதல். அஞ்ச வேண்டியது நடுத்தர வகையை: அவ்வப்போது ஆவி விடும், வெந்நீர் ஊற்றும் கந்தகப் புகையும் உள்ள, ஆனால் அமைதியாகத் தோன்றும் மலைகளை.

எச்சரிக்கை நிலை 1, 2 என்று எண் போடுகிறார்களே, எந்த எண் வரை போகலாம்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயமும் இதுதான். முதலில், எண்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஜப்பானில் 1 முதல் 5 வரை, நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் 0 முதல் 5 வரை, இந்தோனேசியாவில் நான்கு படிகள், அமெரிக்காவில் எண்ணே இல்லாமல் நான்கு சொற்கள். ஓர் நாட்டின் 2 என்பதை இன்னொரு நாட்டின் 2 என்பதோடு ஒப்பிட முடியாது. விமானங்களுக்கான பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறக் குறியீடும் வானில் சாம்பல் பரவுவதைப் பற்றியதே தவிர, நடந்து போகிறவரைப் பற்றியது அல்ல.

இரண்டாவதாக, அந்த எண் எரிமலையின் இப்போதைய நிலையைச் சொல்கிறது. நீங்கள் அங்கே நிற்கப்போகும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று, சனிக்கிழமை, இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் ஒன்டாக்கேயில் ஏறியிருந்தார்கள். அன்றைய நிலை 1. நண்பகலுக்குச் சற்று முன் மலை வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 63 பேர். அதன் பிறகு ஜப்பான், 1ஆம் நிலைக்கு இட்டிருந்த ‘இயல்பு’ என்ற பெயரையே நீக்கிவிட்டு, இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்ற பொருளில் மாற்றியது. 2013 மே 7இல் பிலிப்பைன்ஸின் மாயோன் திடீரென வெடித்து ஐந்து மலையேறிகள் இறந்தபோது அதன் நிலை 0.

ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதனுடன் அறிவிக்கப்படும் விலக்குப் பகுதியின் ஆரத்தைப் பாருங்கள். சுமத்ராவின் மராப்பியில் 2023 டிசம்பர் 3இல் 24 மலையேறிகள் இறந்தார்கள். வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று எரிமலை ஆய்வு நிலையம் முன்பே அறிவுறுத்தியிருந்தது. இருந்தும் மலையேற்றப் பாதை திறந்திருந்தது. பாதை திறந்திருப்பதும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெடிப்பதற்கு முன் நிலம் அதிருமே, அதை வைத்துத் தப்பிக்க முடியாதா?

நிலத்துக்கடியில் உருகிக் கிடக்கும் பாறையான மாக்மா மேலே ஏறி வரும்போது பாறைகளைப் பிளந்துகொண்டு வருவதால் சிறு நிலநடுக்கங்கள் உண்டாகின்றன, மலை சற்றே உப்புகிறது, வாயுக்களின் அளவு மாறுகிறது. கருவிகள் இவற்றைக் கண்டுபிடித்துவிடும். நிற்பவரின் காலுக்கு இவை பெரும்பாலும் தெரிவதே இல்லை.

நீராவி வெடிப்புகளில் இந்த உதவியும் கிடைப்பது அரிது. அவற்றில் புதிய மாக்மா மேலே வர வேண்டியதில்லை. ஆழத்திலுள்ள வெப்பத்தால் கொதிநிலையைத் தாண்டியும் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் நீர், மேலுள்ள அடைப்பு உடைந்த கணத்தில் ஆவியாக விரிந்து பாறைகளை வாரி எறிகிறது. முந்தைய பதிலில் சொன்ன ஒன்டாக்கேயில், தொடர் அதிர்வு கருவியில் பதிவானதற்கும் வெடிப்புக்கும் இடையே இருந்தது 11 நிமிடம். உச்சியில் நின்றவருக்கு அது போதாது. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் 2019 டிசம்பர் 9இல் நடந்ததும் இத்தகையதே. அப்போது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தார்கள், எஞ்சியவர்களில் பலர் கடும் தீக்காயங்களோடு பிழைத்தார்கள். அந்தத் தீவுக்கான சுற்றுலா அன்றோடு நின்றுபோயிற்று.

லாவா வந்தால் ஓடித் தப்பித்துவிடலாம் என்கிறார்கள், உண்மையா?

லாவாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. சமதளத்தில் அது ஒருவர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகவே நகரும். செங்குத்தான சரிவிலும் இறுகிய கால்வாய்க்குள்ளும் அது வேகமாக ஓடும். நியிராகோங்கோவின் மிக இளகிய லாவா 1977இல் ஓடி ஒளிய நேரம் தராமல் கிராமங்களை மூடியது. அது விதிவிலக்கு.

உண்மையில் ஓட முடியாதவை இரண்டு. ஒன்று, வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து சரிவில் உருண்டு வரும் கனல்மேகம். அதன் வெப்பம் 200 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பானின் உன்சென் மலையில் 1991 ஜூன் 3இல் இத்தகைய மேகம் 43 பேரைக் கொன்றது. உலகெங்கும் எரிமலைகளைப் படமெடுத்த மோரிஸ், காட்யா கிராஃப்ட் தம்பதியர் அவர்களில் இருவர். 2025 ஜூன் 2இல் இத்தாலியின் எட்னாவில் இப்படி ஒரு மேகம் சரிந்து இறங்கியபோது, சரிவில் பயணிகள் வரிசையாக ஓடிவந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அன்று யாருக்கும் தீங்கு நேராததற்குக் காரணம் அவர்களுடைய கால் வேகம் அன்று. மேகம் அவர்கள் இருந்த பக்கம் வரவில்லை.

மற்றொன்று சாம்பல் சேற்றுவெள்ளம். வெடிப்பு முடிந்து மாதங்கள் ஆன பிறகும் ஒரு பெருமழை போதும், பள்ளத்தாக்கு வழியே ஈரச் சிமெண்டைப் போன்ற சேறு பாறைகளைச் சுமந்துகொண்டு இறங்கிவிடும். எரிமலையைச் சுற்றியுள்ள ஓடைப் படுகைகளில் கூடாரம் அடிக்காதீர்கள். இரைச்சல் கேட்டால் ஓடையின் போக்கில் ஓடாமல் பக்கவாட்டு மேட்டில் ஏறுங்கள்.

லாவாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? குச்சியால் குத்திப் பார்க்கிறார்களே?

மெதுவாக நகரும் லாவாவின் முகப்பை நெருங்கினால், போதும் என்பதை வெப்பமே சொல்லிவிடும், முகம் தாங்காது. கூர்ந்து பார்த்தால் செம்மஞ்சள் நாக்கு ஒன்று வெளியே வழிந்ததும் சில நொடிகளில் அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு தோல் படிகிறது, பிறகு கறுக்கிறது, சுருங்கும்போது கண்ணாடித் துண்டுகள் உதிர்வது போன்ற மெல்லிய ஒலி கேட்கிறது. அந்தத் தோல் உண்மையிலேயே கண்ணாடிதான். உறைந்த லாவாவின்மேல் கை ஊன்றி விழுந்தவர்களின் உள்ளங்கை கிழிவது அதனால்தான். முழுக்கால்சட்டையும் கையுறையும் அணியுமாறு சொல்வதற்கும் அதுவே காரணம்.

கறுத்துவிட்டது என்பதால் கெட்டியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. ஹவாய் லாவா வெளிவரும்போது ஏறத்தாழ 1,150 டிகிரி. ஒரு சாண் ஆழக் கரும்பொருக்குக்குக் கீழே அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். லாவா புதர்களையும் மரவேர்களையும் மூடும்போது உண்டாகும் மீத்தேன், முகப்பிலிருந்து சில மீட்டர் தள்ளிக்கூட நிலத்தைப் பிளந்துகொண்டு வெடிக்கும். பனியின்மேல் லாவா ஓடினாலும் இதே கதைதான். 2017 மார்ச்சில் எட்னாவில் அப்படி நேர்ந்த நீராவி வெடிப்பில் பயணிகளும் ஒரு தொலைக்காட்சிக் குழுவினரும் காயமடைந்தார்கள். குச்சியால் குத்துவதை எரிமலை ஆய்வாளர்கள் மாதிரி எடுப்பதற்காகச் செய்கிறார்கள். மற்றவர்கள் அதைச் செய்வதில் எனக்கு எந்த நியாயமும் தென்படவில்லை.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே இறங்கிவிட வேண்டுமா?

நாற்றம் அடிப்பதைவிட, அடித்துக்கொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றுபோவதற்கே அஞ்ச வேண்டும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது; மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும், ஆனால் அளவு கூடினால் மோப்ப நரம்பு செயலிழந்து வாசனையே தெரியாமல் போய்விடும். கந்தக டை ஆக்சைடு தீக்குச்சி உரசியதுபோல் நெடியடித்துத் தொண்டையைக் கரகரக்க வைக்கும்.

மூன்றாவதான கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது காற்றைவிடக் கனமானது. காற்றில்லாத நாளில் பள்ளங்களிலும் குகைகளிலும் பனிக்குழிகளிலும் தேங்கி நிற்கும். கலிபோர்னியாவின் மாமத் மலையில் 2006இல் பனிக்கு அடியிலிருந்த ஆவித்துளைக்குள் விழுந்து பனிச்சறுக்குக் காவலர்கள் மூவர் இறந்தார்கள். நேபிள்ஸுக்கு அருகிலுள்ள சோல்ஃபத்தாராவில் 2017இல் ஒரு குடும்பத்தில் மூவர் இவ்வாறே இறந்தார்கள். பள்ளத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்க அடுத்தவர் குனிவதும், அவரும் விழுவதுமே இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. காற்று வரும் திசைக்கு எதிர்முகமாகவும் மேடான இடத்திலும் நில்லுங்கள். ஷூ நாடாவைக் கட்டுவதாக இருந்தாலும் பள்ளத்தில் குனிந்து கட்டாதீர்கள்.

என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டால் வாயுவும் போகாதல்லவா?

போகும். என்95 சாம்பல் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கந்தக வாயுக்களுக்கு அமில வாயு வடிகுடுவை பொருத்திய முகமூடி வேண்டும், அதுவும் தாடி இல்லாத முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கரியமில வாயுவை அந்த முகமூடியும் தடுக்காது. நனைத்த துணியால் மூக்கை மூடுவது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை என்ற அளவுக்குத்தான் பயன்படும்.

எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. குழந்தையையும் கூட்டிப்போக நினைக்கிறேன். முடியுமா?

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல், மற்றவர்கள் உணரக்கூட முடியாத அளவு கந்தக டை ஆக்சைடுக்கே சுருங்கிவிடும். ஜப்பானின் அசோ எரிமலையில் 1997இல் இரண்டு பயணிகள் வாயுவால் இறந்தார்கள். இன்று அங்கே ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, இதயநோய் உள்ளவர்கள் விளிம்புக்கு வரக் கூடாது என்று வெளிப்படையாக அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். வாயு அளவு கூடினால் எல்லோரையுமே வெளியேற்றிவிடுவார்கள். மற்ற எரிமலைகளிலும் இதே விதியை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வாயுவும் உயரமும் இல்லாத எரிமலைகளுக்குத் தாராளமாகப் போகலாம். முதல் பதிலில் சொன்ன டிமன்ஃபாயா அத்தகையது. புகையும் விளிம்புகளுக்குச் சிறு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நெருப்பு மலைதானே, ஸ்வெட்டர் எதற்கு?

மலையின் வாயில் மட்டும்தான் நெருப்பு. மற்றதெல்லாம் உயர்ந்த மலை. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும், உச்சியில் மறைப்பே இல்லாமல் காற்று அடிக்கும். மேலே குறிப்பிட்ட அகட்டெனாங்கோவில் 2017 ஜனவரியில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது பக்கத்து மலையின் லாவா அன்று, குளிர்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். கிளிமஞ்சாரோவின் 5,895 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். டெனரீஃபின் டெய்டேயில் கேபிள் கார் சில நிமிடங்களில் உங்களை 3,555 மீட்டருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. உடல் பழக நேரமில்லாததால் தலைவலியும் மயக்கமும் சகஜம். சாம்பலும் சரளையும் கலந்த சரிவில் இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கும் என்பதால், வழக்கமான மலைப்பாதைக்குக் கணக்கிடும் நேரத்தைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

கணுக்காலை மூடும் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, ஹெல்மெட், காற்று புகாத மேலுடை, கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, என்95 முகக்கவசம், உதிரி பேட்டரியோடு நெற்றி விளக்கு, எண்ணிய அளவைவிட அதிகத் தண்ணீர். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். சாம்பல் என்பது பொடித்த பாறையும் கண்ணாடியும் என்பதால் லென்ஸுக்கு அடியில் சிக்கிய ஒரு துகள் கருவிழியைக் கீறிவிடும். கைப்பேசி வரைபடத்தை இணைய இணைப்பின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். காந்தம் கலந்த எரிமலைப் பாறைகளின் மேல் திசைகாட்டி சில இடங்களில் பிழை காட்டும்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா? அவருக்கு ஆபத்து முன்கூட்டியே தெரிந்துவிடுமா?

பல இடங்களில் இதை முடிவு செய்வது நீங்கள் அல்ல. ஸ்ட்ராம்போலியில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். 2019 ஜூலை 3இல் நேர்ந்த பெருவெடிப்பில் ஒரு மலையேறி இறந்த பிறகு விதிகள் மேலும் இறுகின. மற்ற இடங்களில் வழிகாட்டி வேண்டும் என்பதே என் கருத்து. மூடுபனியில் பாதை மறைந்தால் இறங்கும் வழி அவருக்குத் தெரியும், காற்று திரும்பினால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதும் தெரியும். இவை பெரிய உதவிகள்.

ஆனால் வெடிப்பை முன்கூட்டி அறியும் சக்தி அவருக்கு இல்லை. கொலம்பியாவின் கலேராஸில் 1993 ஜனவரி 14இல் வெடிப்பு நேர்ந்தபோது வாய்க்குள் இருந்தவர்கள் எரிமலை அறிஞர்கள். அவர்களில் ஆறு பேரும் உடன் வந்த பயணிகள் மூவரும் இறந்தார்கள். நல்ல வழிகாட்டியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ‘எந்த நிலையில் பயணத்தை ரத்து செய்வீர்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். தயங்காமல் விவரமாகப் பதில் சொல்பவர் இதற்கு முன் ரத்து செய்திருக்கிறார் என்று பொருள். ‘அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்பவரை விட்டுவிடுங்கள்.

கல் பறந்து வந்தால் என்ன செய்வது?

முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடத்தான் தோன்றும்; அதை அடக்குங்கள். சிறு வெடிப்பில் மேலே எறியப்பட்ட கற்கள் வளைந்து விழ சில நொடிகள் ஆகும். அண்ணாந்து பார்த்து, உங்களை நோக்கி வரும் கல்லிலிருந்து கடைசிக் கணத்தில் விலகுவதே அனுபவமுள்ளவர்கள் சொல்லும் முறை. கல்மழையே பொழிந்தால் அது பலிக்காது. பெரிய பாறையின் மறைவிலோ கான்கிரீட் தங்கிடத்திலோ ஒடுங்கி, முதுகுப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்ளுங்கள். கல் ஓய்ந்ததும் அடுத்த வெடிப்புக்குக் காத்திராமல் இறங்குங்கள். விளிம்பை அடைந்த உடனேயே மறைவிடம் எது, இறங்கும் வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

இரவில் போவது நல்லதா?

காட்சிக்கு இரவே சிறந்தது. பகலில் புகையாகத் தெரிவது இருட்டியதும் செந்தழலாகத் தெரியும். சூரியன் மறையும் முன்பே இடத்தை அடைந்து, வெளிச்சத்திலேயே பாதையைப் பழகிக்கொள்வது காட்சிக்கும் பாதுகாப்புக்கும் பொருந்தும் ஏற்பாடு.

கிழக்கு ஜாவாவின் இஜென் மலையில் தெரியும் நீலத் தழல் லாவா அன்று. துளைகளிலிருந்து வெளிப்படும் கந்தக வாயு காற்றில் எரிவதால் எழும் சுடர். அது விடிந்தால் தெரியாது என்பதால் நள்ளிரவில் ஏறத் தொடங்குகிறார்கள். அந்தப் பாதையில் கந்தகத் தொழிலாளர்கள் 70 கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள் கட்டிகளை இரண்டு மூங்கில் கூடைகளில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு மேலேறி வருவார்கள். காவடித் தண்டு ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிடுவது அவர்கள் வருவதற்கு முன்பே கேட்கும். ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள், முகத்தில் விளக்கை அடிக்காதீர்கள். அந்தப் பாதை அவர்களுடைய வேலையிடம்.

கடலில் லாவா விழுவதைப் படகில் போய்ப் பார்ப்பது பாதுகாப்பானதுதானே, சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே?

தண்ணீர்தான் அங்கே சிக்கல். லாவா கடல்நீரைத் தொட்டதும் எழும் வெண்மேகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்திருக்கும். 2018 ஜூலை 16இல் ஹவாயில் கடலுக்கடியில் நேர்ந்த வெடிப்பு லாவாக் கட்டியைச் சுற்றுலாப் படகின் கூரைமேல் வீசியதில் 23 பேர் காயமடைந்தார்கள். கரையில் லாவா புதிதாக உருவாக்கும் நிலத்திட்டும் அறிவிப்பின்றி ஏக்கர் கணக்கில் கடலுக்குள் சரிந்துவிடும்.

தடுப்பைத் தாண்டிப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? சும்மா பயமுறுத்துகிறார்களா?

ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்களின் படங்களைத்தான் நாம் பார்க்கிறோம். ஐஸ்லாந்தின் ஃபாக்ராதால்ஸ்ஃப்யாட்லில் 2021 மார்ச் 19இல் வெடிப்பு தொடங்கியது. குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்துபோய்ப் பார்த்தார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி, முதல் வாய்க்கு வடகிழக்கே சில நூறு மீட்டர் தள்ளி, அதுவரை சாதாரண நிலமாக இருந்த இடம் பிளந்து லாவா பொங்கியது. அங்கிருந்தவர்களை அவசரமாக வெளியேற்றினார்கள். தடுப்பு, தெரிந்த வாய்க்காக மட்டும் போடப்படுவதில்லை, இன்னும் திறக்காத வாய்க்காகவும் போடப்படுகிறது.

வெந்நீர் ஊற்றுகளின் மேலோடும் அப்படியே. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கொதிநீரில் விழுந்து இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல், மரப்பலகைப் பாதையை விட்டு விலகி நடந்தவர்களும் அவர்களில் உண்டு. விதியை மீறுபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை, தேடி வரும் மீட்புக் குழுவினரின் உயிரையும் சேர்த்தே வைக்கிறார்.

கல் ஒன்றை நினைவாக எடுத்து வரலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இரண்டும் தடை. பிற பல நாடுகளிலும் பூங்கா எல்லைக்குள் கல் எடுப்பது குற்றம். ஹவாயில் எடுத்துப்போன கற்களை, தெய்வக் கோபத்துக்கு அஞ்சித் தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ட்ரோன்கள் கண்காணிப்பு ஹெலிகாப்டர்களுக்கு இடையூறு என்பதால் வெடிப்பு நேரத்தில் தடை இன்னும் கடுமையாகும்.

சாம்பலால் விமானம் ரத்தானால் காப்பீடு பணம் தருமா?

முதலில் ரத்து ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூன் 24இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு பயணிகள் விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. உயரம் குறைந்த பிறகு அவை மீண்டும் இயங்கியதால் ஜகார்த்தாவில் இறங்க முடிந்தது. சாம்பல் இயந்திரத்துக்குள் உருகிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. 2010இல் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லாயோக்குட் எரிமலை வெடித்தபோது ஐரோப்பிய வான்வெளி சில நாட்கள் மூடப்பட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தானதும் இதனால்தான்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியது தேதி. வெடிப்புச் செய்தி வெளியான பிறகு வாங்கிய காப்பீட்டில், அதைத் தெரிந்த நிகழ்வு என்று கூறிப் பணம் தர மறுப்பது வழக்கம். எரிமலைச் சாம்பல் என்ற சொல் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருக்கிறதா, குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா, தடைசெய்யப்பட்ட பகுதியில் நேரும் விபத்து எப்படிக் கருதப்படும் என்ற மூன்றையும் வாங்கும் முன் படியுங்கள். தடையை மீறிப் போனவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

வீடிழந்த ஊர்களைப் பார்க்கப் போவது சரியா?

பாம்பேயியை யாரும் குறை சொல்வதில்லை, கி.பி. 79 வெகு தொலைவில் இருக்கிறது. 2021இல் 85 நாள் ஓடிய லா பால்மாவின் லாவாவும், 2023 நவம்பர் 10இல் ஊரையே காலிசெய்த ஐஸ்லாந்தின் கிரின்டாவிக்கும் அப்படியல்ல. புதைந்த வீட்டின் உரிமையாளர் இன்னும் பக்கத்து ஊரில் வாழ்கிறார். போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே தங்குவதும் உண்பதும் அந்த மக்களுக்கு வருமானம். இடிந்த சுவரின் முன் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதைத் தவிர்த்தால் போதும். வழிபாட்டுக்குரிய மலைகளிலும் இந்த அடக்கம் தேவை. பாலியின் ஆகுங்கில் கோயில் சடங்கு நாட்களில் ஏற விடமாட்டார்கள். நியூசிலாந்தின் டோங்காரிரோவில் உச்சிகளை மிதிக்க வேண்டாம் என்று மாவோரி மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இன்று காலை வெடிப்பு தொடங்கியது என்று செய்தி வந்திருக்கிறது. உடனே டிக்கெட் போடட்டுமா?

பொறுங்கள். ஐஸ்லாந்திலேயே 2021 வெடிப்பு ஆறு மாதம் நீடித்தது, 2022இல் நேர்ந்தது மூன்று வாரத்துக்குள் முடிந்தது, 2024 பிப்ரவரி 8இல் தொடங்கியது ஏறத்தாழ ஒரு நாளில் அடங்கிவிட்டது. நீங்கள் விசா வாங்குவதற்குள் நின்றுபோகக்கூடிய ஒன்றுக்காக, திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டாதீர்கள். வெடிப்பு நீடித்தாலும், அதைப் பார்க்க மக்களை அனுமதிப்பார்களா என்பது தனிக் கேள்வி. முதல் சில நாட்களில் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

எரிமலை ஆய்வு நிலையத்தின் அன்றாட அறிக்கையையும், பூங்காவின் அல்லது காவல்துறையின் அனுமதி அறிவிப்பையும் ஒரு வாரம் தொடர்ந்து படியுங்கள். பார்வையிடும் இடம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டு, வெடிப்பும் சீராக நீடித்தால், ரத்து செய்ய வசதியுள்ள கட்டணத்தில் டிக்கெட்டும் அறையும் பதிவு செய்யுங்கள். மூடுபனிக்கும் வாயுவுக்குமாக இரண்டு மூன்று உதிரி நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லாவா தெரியாவிட்டாலும் போய் வந்தது வீணாகாத இடமாக இருப்பது இன்னும் நல்லது. ஐஸ்லாந்தில் த்ரீஹ்னூக்காகீகூர் என்ற தூங்கும் எரிமலைக்குள் மின்தூக்கியில் 120 மீட்டர் இறங்கி, மாக்மா வடிந்துபோன அறைக்குள்ளேயே நிற்கலாம். அது கோடைக் காலத்தில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் அதற்கான இடத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.